பிடிஎஸ் ஜின்னுக்கு 18 மாதம், கால்பந்து வீரர் சோனுக்கு 3 வாரம்... கொரிய ராணுவச் சட்டம் என்ன சொல்கிறது?

2022 டிசம்பரில் பிடிஎஸ் குழுவின் மூத்த பாடகர் ஜின் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு தென்கொரிய ராணுவத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 30 வயது. வெளியே வர 18 மாதம் ஆனது. அவரைத் தொடர்ந்து குழுவில் மீதி இருந்த ஆறு பேரும் போனார்கள். 2025 ஜூனில்தான் ஏழு பேரும் சேவையை முடித்தார்கள். உலகம் முழுக்க ரசிகர்கள் காத்திருந்தார்கள்.

அதே நாட்டின் இன்னொரு உலக முகம் சோன் ஹியுங் மின். அப்போது டாட்டன்ஹாம் கிளப்பின் ஸ்ட்ரைக்கராக இருந்தவர். 2020 ஏப்ரலில் அவரும் ஜெஜு தீவில் உள்ள கடற்படைப் பிரிவு முகாமுக்குப் போனார். மூன்று வாரம்தான். பயிற்சி முடிந்தது, பழையபடி பந்தை உதைக்க லண்டனுக்குத் திரும்பிவிட்டார்.

'பாடுறவனுக்கு ஒரு சட்டம், பந்து உதைக்கிறவனுக்கு ஒரு சட்டமா?' என்று கேட்கத் தோன்றுகிறதா? கொரியாவிலேயே பல வருடங்களாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பதில் 2018 செப்டம்பர் 1 அன்று இந்தோனேசியாவில் நடந்த ஒரு மேட்ச்சில் இருக்கிறது. அன்று முடிவு வேறு மாதிரி ஆகியிருந்தால், இன்று நாம் பார்க்கும் சோன் இருந்திருக்க மாட்டார்.

முதலில் சட்டம் என்னன்னு பார்ப்போம்

கொரியப் போர் 1953-ல் போர்நிறுத்தத்தோடு நின்றது. அமைதி ஒப்பந்தம் இன்றுவரை கையெழுத்தாகவில்லை. அதனால் தென்கொரியாவில் உடல்தகுதி உள்ள ஆண்கள் எல்லாரும் ராணுவச் சேவை செய்தே ஆக வேண்டும். பொதுவாக 18 வயதுக்கும் 28 வயதுக்கும் இடையில் சேர வேண்டும். தரைப்படையில் இப்போது 18 மாதம். 2018 வாக்கில் 21 மாதமாக இருந்தது.

1973-ல் இதில் ஒரு விதிவிலக்கு வந்தது. நாட்டுக்குப் பெருமை சேர்க்கும் விளையாட்டு வீரர்களுக்கும் கலைஞர்களுக்கும் சலுகை. விளையாட்டுக்கு இன்று உள்ள கணக்கு ரொம்ப எளிது:

- ஒலிம்பிக்கில் ஏதாவது ஒரு பதக்கம், அல்லது
- ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம்.

அவ்வளவுதான். உலகக் கோப்பை கணக்கில் வராது. ஆசியக் கோப்பை கால்பந்து கணக்கில் வராது. சாம்பியன்ஸ் லீக், பிரீமியர் லீக் எதுவும் வராது. 2002 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போன அணிக்கு மட்டும் சிறப்புச் சலுகை கொடுத்தார்கள். பிறகு அந்த வழியையும் மூடிவிட்டார்கள்.

'விலக்கு' என்று எல்லாரும் சொன்னாலும் முழு விலக்கு கிடையாது. சில வாரம் அடிப்படைப் பயிற்சி எடுக்க வேண்டும். 34 மாதம் தன் துறையிலேயே தொடர வேண்டும். அத்துடன் 544 மணி நேரம் சமூக சேவை செய்ய வேண்டும். இந்த 544 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

கலைஞர்கள் பட்டியலில் செவ்வியல் இசைப் போட்டிகள் உண்டு. பாப் இசை கிடையாது. பில்போர்டில் முதலிடம் பிடித்தாலும் பதக்கம் ஆகாது. அதனால்தான் ஜின் போனார். 2020-ல் சட்டத்தைத் திருத்தி, பாப் நட்சத்திரங்கள் 30 வயது வரை தள்ளிப்போட மட்டும் அனுமதி கொடுத்தார்கள்.

சோன் எங்கிருந்து வந்தார்?

1992-ல் சுன்சியோன் நகரில் பிறந்தவர். அப்பா சோன் ஊங் ஜங்கும் கால்பந்து வீரர்தான். காயத்தால் 30 வயதுக்கு முன்பே ஆட்டத்தை நிறுத்தியவர். மகன்களுக்கு அவரே பயிற்சி கொடுத்தார். பல வருடம் பந்தைக் கட்டுப்படுத்தும் அடிப்படைகள் மட்டும்தான். அண்ணன் தம்பி சண்டை போட்டால் தண்டனை, பந்து தரையில் விழாமல் காலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை அது நான்கு மணி நேரம் நீண்டது என்று சோனே சொல்லியிருக்கிறார். இரண்டு காலாலும் ஒரே வேகத்தில் கோல் அடிக்கும் பழக்கம் வந்தது இந்தப் பட்டறையில்தான்.

16 வயதில் கொரிய கால்பந்துச் சங்கத்தின் திட்டத்தில் ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்புக்குப் போனார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார். மொழி தெரியாது, சாப்பாடு பிடிக்காது. ஆனால் 2010 அக்டோபரில், 18 வயதில், புன்டஸ்லிகாவில் ஆடிய முதல் மேட்ச்சிலேயே கொலோன் அணிக்கு எதிராக கோல் அடித்தார். 2013-ல் லெவர்குசன் அவரை 1 கோடி யூரோவுக்கு வாங்கியது. 2015 ஆகஸ்டில் டாட்டன்ஹாம் சுமார் 2.2 கோடி பவுண்டு கொடுத்தது. அன்றைய தேதிக்கு ஆசிய வீரர் ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட அதிகபட்சத் தொகை அது.

வெளியிலிருந்து பார்த்தால் படிப்படியான ஏற்றம். ஆனால் அவருக்கான ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எழுதப்படாத ஒரு வரி இருந்தது: 28 வயதுக்குள் பதக்கம் வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

இது புதிய கதையும் இல்லை. ஐரோப்பாவில் முதலில் பெயர் வாங்கிய கொரிய ஸ்ட்ரைக்கர் சா பும் குன். 1978 டிசம்பரில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டட் அணியில் சேர்ந்து ஒரே ஒரு மேட்ச் ஆடினார். ராணுவச் சேவை பாக்கி இருந்ததால் திரும்ப வேண்டியதாயிற்று. அதை முடித்துவிட்டு 1979-ல்தான் ஃபிராங்க்ஃபர்ட் அணிக்குப் போனார். பிறகு புன்டஸ்லிகாவில் 98 கோல் அடித்தார், இரண்டு கிளப்புகளோடு யுஇஎஃப்ஏ கோப்பை வென்றார்.

கைநழுவிய வாய்ப்புகள்

*2012, லண்டன் ஒலிம்பிக்:* கொரியா ஜப்பானை 2-0 என வென்று வெண்கலம் எடுத்தது. அந்த அணியில் இருந்த எல்லாருக்கும் சலுகை. சோன் அணியில் இல்லை.

*2014, இன்சியோன் ஆசிய விளையாட்டு:* சொந்த மண்ணில் வடகொரியாவை 1-0 என வீழ்த்தி கொரியா தங்கம் வென்றது. சோன் அங்கும் இல்லை. லெவர்குசன் அவரை விடவில்லை. ஆசிய விளையாட்டுக்கும் ஒலிம்பிக்குக்கும் வீரர்களை அனுப்பியே ஆக வேண்டும் என்று கிளப்புகளை ஃபிஃபா விதி கட்டாயப்படுத்துவதில்லை. சம்பளம் கொடுக்கும் கிளப் 'முடியாது' என்று சொன்னால் முடிந்தது.

*2016, ரியோ ஒலிம்பிக்:* இந்த முறை டாட்டன்ஹாம் விட்டது. ஒலிம்பிக் கால்பந்து 23 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. அதைத் தாண்டியவர்கள் மூன்று பேருக்கு மட்டும் இடம். சோன் அதில் ஒருவர். காலிறுதியில் ஹோண்டுராஸிடம் 0-1 என தோற்றார்கள். மைதானத்திலேயே சோன் தேம்பித் தேம்பி அழுத படங்கள் கொரியா முழுக்கப் பரவின.

*2018, ரஷ்ய உலகக் கோப்பை:* அன்றைய உலக சாம்பியன் ஜெர்மனியை கொரியா 2-0 என வீழ்த்தியது. இரண்டாவது கோல் சோனுடையது. காலியாகக் கிடந்த கோல் கம்பத்தை நோக்கி ஓடி 96-வது நிமிடத்தில் அடித்தது. உலகமே கைதட்டியது. ஆனாலும் குரூப்பிலேயே வெளியேறினார்கள். ராணுவக் கணக்கில் அந்த கோலுக்கு மதிப்பு பூஜ்யம்.

26 வயது, கடைசி வாய்ப்பு

2018 ஜூலையில் டாட்டன்ஹாம் சோனுக்கு 2023 வரை புதிய ஒப்பந்தம் கொடுத்தது. கவனியுங்கள், அவர் ராணுவத்துக்குப் போவாரா மாட்டாரா என்று யாருக்கும் தெரியாத நேரம் அது. போக வேண்டி வந்தால் ஒப்பந்தத்தின் நடுவில் ஏறக்குறைய இரண்டு வருடம் ஆள் இருக்க மாட்டார்.

அதனால் கிளப்பும் கொரிய கால்பந்துச் சங்கமும் ஒரு பேரம் பேசின. சீசன் தொடங்கிய உடனே சோனை ஆசிய விளையாட்டுக்கு அனுப்ப டாட்டன்ஹாம் சம்மதித்தது. பதிலுக்கு நவம்பர் மாத சர்வதேச மேட்ச்களிலும், 2019 ஆசியக் கோப்பையின் முதல் இரண்டு மேட்ச்களிலும் சோன் நாட்டுக்காக ஆட மாட்டார். கால்பந்து அளவில் ஆசியக் கோப்பைதான் பெரிய போட்டி. ஆனால் பதக்கக் கணக்கில் ஆசிய விளையாட்டுதான் பெரியது. இரு தரப்பும் எதை விட்டுக்கொடுத்தன என்று பார்த்தாலே இந்தச் சட்டத்தின் பலம் புரியும்.

நியூகாசிலுக்கு எதிரான முதல் லீக் மேட்ச்சில் மாற்று வீரராக இறங்கிவிட்டு சோன் இந்தோனேசியாவுக்கு விமானம் ஏறினார். அணியின் கேப்டன் அவர்தான்.

போட்டி சுலபமாக இருக்கவில்லை. குரூப் சுற்றில் மலேசியாவிடம் 1-2 என தோற்றார்கள். ஊரில் கொந்தளிப்பு. அடுத்து கிர்கிஸ்தானை சோன் அடித்த ஒரே கோலால் தாண்டினார்கள். காலிறுதியில் உஸ்பெகிஸ்தானுடன் கூடுதல் நேரம் வரை போய் 4-3. அரையிறுதியில் வியட்நாமுடன் 3-1. எதிரணியின் பயிற்சியாளர் பார்க் ஹாங் சியோவும் கொரியர்தான் என்பது தனி சுவாரஸ்யம்.

அந்த 120 நிமிடங்கள்

செப்டம்பர் 1, பகன்சாரி மைதானம். இறுதிப்போட்டியில் எதிரே ஜப்பான். அவர்கள் அனுப்பியிருந்தது 21 வயதுக்கு உட்பட்ட இளம் அணி. கொரிய வீரர்களுக்கு இருந்த அழுத்தம் அவர்களுக்குக் கிடையாது. 90 நிமிடம் முடிந்தும் கோல் இல்லை.

கூடுதல் நேரம் தொடங்கி மூன்றாவது நிமிடம். சோன் பந்தோடு பாக்ஸுக்குள் நுழைகிறார். அவர் காலடியில் இருந்த பந்தை லீ சுங் வூ ஓடிவந்து அப்படியே மேல் வலைக்குள் அடிக்கிறார். 1-0. சில நிமிடத்தில் இடது பக்கத்திலிருந்து சோன் ஃப்ரீ கிக் போடுகிறார், ஹ்வாங் ஹீ சான் தலையால் முட்டுகிறார். 2-0. 115-வது நிமிடத்தில் ஜப்பான் ஒன்று திருப்பியது. கடைசி ஐந்து நிமிடம் கொரியாவில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். 2-1 என முடிந்தது.

இறுதிப்போட்டியில் சோன் கோல் அடிக்கவில்லை. இரண்டுமே அவர் காலிலிருந்து போனவை. தன் வாழ்க்கையின் பெரிய பரிசை இன்னொருவர் கோலால் பெற்றார்.

அந்தத் தங்கத்தின் மதிப்பு எவ்வளவு?

ஒரு சின்னக் கணக்கு போடலாம். பதக்கம் இல்லையென்றால் 2020-க்குள் அவர் ராணுவத்தில் சேர்ந்திருக்க வேண்டும். அப்படியானால் 2020-21 சீசன் முழுதும், 2021-22 சீசனின் பெரும்பகுதியும் போயிருக்கும்.

அந்த இரண்டு சீசன்களில் நிஜத்தில் என்ன நடந்தது? முதலாவதில் பிரீமியர் லீகில் 17 கோல். இரண்டாவதில் 23 கோல், அதில் பெனால்டி ஒன்றுகூட இல்லை. முகமது சலாவுடன் கோல்டன் பூட்டைப் பகிர்ந்துகொண்டார். பிரீமியர் லீகில் அந்த விருதை வாங்கிய முதல் ஆசியர் அவர்தான். மொத்தம் 40 கோல். ஒரு ஸ்ட்ரைக்கருக்கு 28, 29 வயதுதான் உச்சம். அந்த உச்சம் ராணுவ முகாமில் கழிந்திருக்கும்.

ராணுவத்துக்கு என்று தனி கால்பந்து அணியே உண்டு, உள்ளூர் லீகில் ஆடுகிறது. அன்று சங்ஜு சங்மு, இன்று கிம்சியோன் சங்மு. பல கொரிய வீரர்கள் சேவைக் காலத்தில் அங்கேதான் ஆடுகிறார்கள். ஆனால் சாம்பியன்ஸ் லீக் வேகத்திலிருந்து இறங்கி, இரண்டு வருடம் கழித்து அதே இடத்துக்குத் திரும்புவது வேறு விஷயம்.

பதக்கத்துக்குப் பிறகு கிடைத்தவை இன்னும் உண்டு. 2019 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி. அதே ஆண்டு ஐரோப்பாவில் சா பும் குன் வைத்திருந்த 121 கோல் சாதனையைத் தாண்டியது. பர்ன்லிக்கு எதிராக தன் பாதியிலிருந்து தனியாக ஓடி அடித்த கோலுக்கு புஷ்காஷ் விருது. 2023-ல் டாட்டன்ஹாம் கேப்டன் பதவி. 2025 மே மாதம் பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை வென்று யூரோப்பா லீக் கோப்பை. அது அந்த கிளப்புக்கு 17 வருடத்தில் கிடைத்த முதல் கோப்பை. 454 மேட்ச், 173 கோலுடன் லண்டனிலிருந்து விடைபெற்று, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் எஃப்சி-க்குப் போனார்.

ரியோவில் கூட இருந்த இரண்டு பேர்

ரியோ அணியில் 23 வயதைத் தாண்டியவர்கள் மூன்று பேர் என்று சொன்னோம் இல்லையா? சோனைத் தவிர மற்ற இரண்டு பேருக்கு என்ன ஆனது என்று பார்த்தால்தான் இந்தச் சட்டத்தின் முழு முகமும் தெரியும்.

ஒருவர் டிஃபெண்டர் ஜாங் ஹியுன் சூ. 2014-ல் தங்கம் வென்ற அணியில் இருந்ததால் சலுகை ஏற்கெனவே கையில் இருந்தது. பாக்கி இருந்தது அந்த 544 மணி நேர சமூக சேவை. செய்யாத சேவையைச் செய்ததாக ஆவணம் கொடுத்தது வெளியே வந்தது. 2018 நவம்பரில், சோன் தங்கம் வென்ற இரண்டே மாதத்தில், தேசிய அணியில் ஆட அவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது.

இன்னொருவர் சுக் ஹியுன் ஜுன். சோனைப் போலவே ஸ்ட்ரைக்கர், ஒரு வயது மூத்தவர். அவரும் சின்ன வயதிலேயே ஐரோப்பா போனவர். அயாக்ஸ், போர்ட்டோ போன்ற பெரிய பெயர்களின் ஜெர்ஸியைப் போட்டவர். ஆனால் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் தங்குவதற்கான அனுமதி முடிந்த பிறகும் அவர் நாடு திரும்பவில்லை. ராணுவச் சேவையைத் தவிர்த்தவர்கள் பட்டியலில் பெயர் வந்தது. கடைசியில் ஊர் திரும்பி, 2023-ல் நீதிமன்றத்தில் நின்றார். சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தார்கள்.

ஹோண்டுராஸுடன் அந்த காலிறுதியையும் அடுத்த மேட்ச்சையும் வென்றிருந்தால் சோன், சுக் இருவருக்குமே பதக்கம் உறுதியாகியிருக்கும். தோல்விக்குப் பிறகு ஒருவருக்கு இன்னொரு வாய்ப்பு வந்தது, ஒருவருக்கு வரவில்லை. திறமையில் சோன் பல படி மேலே என்பது உண்மைதான். ஆனால் நீதிமன்றம் வரை போகும் அளவுக்கு இருவர் வாழ்க்கையும் பிரிந்ததற்குத் திறமை மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது.

அப்போ இது நியாயமா?

கொரியாவில் ஒருமித்த பதில் இல்லை. 'நாட்டுக்காக ஆடித்தானே ஜெயித்தார்கள்' என்பது ஒரு பக்கம். 'ஏழை வீட்டுப் பையன் 18 மாதம் எல்லையில் நிற்கிறான், இவர்களுக்கு மட்டும் என்ன?' என்பது இன்னொரு பக்கம்.

குறுக்கு வழி தேடினால் ரசிகர்கள் மன்னிப்பதில்லை. 2012-ல் அர்செனல் ஸ்ட்ரைக்கர் பார்க் சூ யங், மொனாக்கோவில் ஆடியபோது கிடைத்த வசிப்பு உரிமையைக் காட்டி 10 வருடம் தள்ளிவைப்பு வாங்கியது தெரிந்ததும் நாடே கொதித்தது. சேவையை நிச்சயம் செய்வேன் என்று பத்திரிகையாளர்கள் முன் அவர் வாக்குக் கொடுக்க வேண்டி வந்தது. பிறகு ஒலிம்பிக் வெண்கலம்தான் அவரையும் காப்பாற்றியது.

சோன் மீது அந்தக் கோபம் ஏன் திரும்பவில்லை? அழுது, தோற்று, கேட்டு வாங்கிய விடுப்பில் போய் ஆடி, வெளிப்படையாகச் சம்பாதித்த சலுகை அது. அந்த மூன்று வாரப் பயிற்சியையும் ஒப்புக்குச் செய்யவில்லை. 157 பேர் இருந்த பிரிவில் சிறந்த பயிற்சியாளர்களுக்கான விருதோடு வெளியே வந்தார். 'இவனுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது' என்ற மனநிலை மக்களிடம் இருந்தது. ஆனால் சட்டம் மனநிலையைப் பார்ப்பதில்லை, பதக்கத்தை மட்டுமே பார்க்கிறது. அந்த இறுதிப்போட்டி 2-2 ஆகி பெனால்டியில் தோற்றிருந்தால், இதே மக்கள் அன்போடு வழியனுப்பி வைத்திருப்பார்கள், ராணுவத்துக்கு.

கதை இன்னும் முடியவில்லை

2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கு லீ காங் இன் என்ற இளம் வீரரை பிஎஸ்ஜி அனுப்பியது. இறுதிப்போட்டியில் மறுபடியும் ஜப்பான், மறுபடியும் 2-1, மறுபடியும் தங்கம். வெற்றி கோலை அடித்த சோ யங் வூக், அந்த நேரத்தில் ராணுவ அணியான கிம்சியோன் சங்முவில் சேவை செய்துகொண்டிருந்த சிப்பாய். அந்த ஒரு கோலால் சேவைக் காலம் முடிவதற்கு முன்பே அவர் வீட்டுக்குப் போனார்.

அடுத்த ஆசிய விளையாட்டுப் போட்டி 2026-ல் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில். எனவே ஐரோப்பிய கிளப் ஒன்று இளம் கொரிய ஸ்ட்ரைக்கரை வாங்கியது என்று செய்தி வந்தால், டிரான்ஸ்ஃபர் தொகையோடு நிறுத்திவிடாதீர்கள். அவருக்கு என்ன வயது, பதக்கம் இருக்கிறதா, கிளப் அவரை விடுமா என்ற மூன்றையும் பாருங்கள். அவர் எத்தனை வருடம் அங்கே இருப்பார் என்பது அதில்தான் இருக்கிறது.